விமானத்துக்கு நான் வைத்த பொட்டு

ஷார்ஜாவில் இருந்த நான்கு வருடங்களில் நான் விமான இன்ஜினியர் என்று ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. சொன்னது என் அம்மா. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கே சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் மீட்டர் பலகைக்குப் பின்னால் தலையைக் கொடுத்து வயர் இழுப்பார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பேன். நான்காம் வருடம் என்னை நம்பி ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்தார்கள். (பிளேன்லயா வேலைன்னு கேட்டா ஆமான்னுதானே சொல்லணும்? பிளேனுக்குள்ளதானே நின்னேன்.)

தொண்ணூறுகளின் கடைசியில் விடுமுறைக்கு ஒரத்தநாடு வந்தேன். அதற்குள் அம்மா என்னைப் பற்றிச் சொல்லியிருந்ததைக் கேட்டால், நான் இல்லாமல் வளைகுடாவில் ஒரு விமானமும் தரையைவிட்டுக் கிளம்பாது. இதை அப்படியே நம்பியவர் ராஜமாணிக்கம் மாமா. அரிசி மில் வைத்திருந்தார், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஊரில் முதலில் கலர் டிவி வாங்கியவர், முதலில் செல்போன் வாங்கியவர். (பேசணும்னா மில்லு மொட்டை மாடிக்கு ஏறணும்.) இனி எதை வேண்டுமானாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கலாம் என்று பேப்பரில் படித்ததை அவர் தனக்கு வந்த உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று வாங்கிவிட்டார். பறப்பதற்கான அனுமதிக்கு மூன்று வருடம் அலைந்தார். அனுமதி கையில் வந்த அன்று, மில் கொட்டகையில் நின்ற விமானத்தின் உறையைப் பிரித்துப் பார்த்தால், மில் தவிட்டுத் தூசியில் பாதி மீட்டர்கள் செத்துக் கிடந்தன.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, ஏரோப்ளேனுக்கு நல்ல மீட்டரா பாத்து மாட்டிக் குடுங்க. அது பறக்கட்டும். மத்ததை அப்புறம் பேசிக்குவோம்."

மற்றது என்றால் அவர் மகள் தமிழ்ச்செல்வி. தஞ்சாவூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டிலும் பேச்சு பாதி முடிந்திருந்தது. மீதிப் பாதி இந்த விமானத்தில் தொங்கியது. எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கு யாரைப் பிடித்திருந்தது, என்னையா அந்த இன்ஜினியரையா என்பதுதான் தெரியவில்லை.

மீட்டர் தேர்ந்தெடுப்பது கூறைப்புடவை எடுப்பதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. மாமா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, விலைப்பட்டியல் புத்தகங்களைப் பரப்பி, குடும்பமே சுற்றி உட்கார்ந்தது. மாமாவின் மனைவி, அத்தைக்குப் பச்சை விளக்கு எரிவதுதான் வேண்டும். விமானத்தை ஓட்டப்போகிறவர் வில்சன் சார், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பழைய மாதிரி வட்ட மீட்டர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. நான் விரல் வைத்தது வேறு. ஒரே பெட்டி, ஒரு சாண் திரை. வேகம், உயரம், இன்ஜின் சூடு, பெட்ரோல், திசை, மணி எல்லாம் அதிலேயே தெரியும்.

ஆறு மீட்டரில் ஒன்று பொய் சொன்னால் மற்ற ஐந்தும் காட்டிக் கொடுத்துவிடும், ஒரே பெட்டி பொய் சொன்னால் யாரைக் கேட்பது என்றார் வில்சன் சார். இது கம்ப்யூட்டர் சார், இதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்றேன் நான். அந்தக் கூடத்தில் அதைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியில்லாத ஆள் கிடையாது.

அதிராம்பட்டினம் ஜபருல்லா பாய் ஷார்ஜாவிலிருந்து வரும்போது போர்வைக்கும் அத்தர் பாட்டிலுக்கும் நடுவில் வைத்துப் பெட்டியைக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் சோதனை செய்தவர்கள் டேப் ரெக்கார்டர் என்று நினைத்து ஒரு பாட்டுப் போடச் சொன்னார்களாம்.

மில் கொட்டகையில் ஒன்பது நாள் வேலை. இந்தத் தடவை டார்ச்சும் நான்தான் பிடிக்க வேண்டும், வயரும் நான்தான் இழுக்க வேண்டும். ஆனால் விளக்கு பிடித்தவன் நான்கு வருடம் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறான்? அலுமினியப் பலகையில் ஓட்டை வெட்டினேன். கொஞ்சம் பெரிதாகிப்போனதைச் சைக்கிள் டியூப் வெட்டி அடைத்தேன். நூற்றுச் சொச்சம் பக்கக் கையேட்டை அகராதி வைத்துப் படித்தேன். ஒவ்வொரு வயருக்கும் கலர் நூல் கட்டினேன். ஒன்பதாம் நாள் சுவிட்சைப் போட்டதும் அத்தை கேட்ட அதே பச்சை நிறத்தில் திரை எரிந்தது. என் வாழ்க்கையில் நானே முழுதாகச் செய்த முதல் வேலை அது. சந்தோஷத்தில் அழுதேன். (தவிட்டுத் தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.)

தமிழ்ச்செல்வி தினமும் காப்பியோடு வந்து ஏதாவது கேட்பாள். ஒருநாள், விமானத்தின் முன்னால் பென்சில் கனத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி அது எதற்கு என்றாள். எதிர்க்காற்று அதற்குள் போகும், அந்தக் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் பெட்டி வேகத்தைக் கணக்குப் போடும் என்று விளக்கினேன்.

"அப்ப அதோட வாய் எப்பவும் தொறந்தே இருக்கணும்ல?" என்றாள்.

ஆமாம், அதுதான் ரொம்ப முக்கியம் என்று நான் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த வயலில் வரப்புகளை வெட்டி நிரவி ஓடுதளம் போட்டிருந்தார்கள். காலையில் பூஜை. பேராவூரணியில் இருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், இறக்கைக்கு மாலை, இன்ஜினுக்குத் திருநீறு. அத்தை சந்தனக் கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டார். ஆளாளுக்குக் கிடைத்த இடத்தில் பொட்டு வைத்தார்கள். கிண்ணம் என்னிடம் வந்தபோது, விமானத்தில் இடமே பாக்கியில்லை. அந்தக் குழாயின் நுனி மட்டும்தான் மொட்டையாக நின்றது.

இத்தனை முக்கியமான பாகத்தை யாருமே கவனிக்கவில்லையே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. தமிழ்ச்செல்வி பார்க்கிறாளா என்று உறுதி செய்துகொண்டு, கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து, நுனியில் வைத்து நன்றாக அழுத்தினேன். அதன்மேல் குங்குமம். போட்டோக்காரரைக் கூப்பிட்டு, அப்படியே ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். மாசி வெயிலில் பத்து நிமிஷத்தில் அது சிமெண்டாக இறுகியிருக்கும்.

மீட்டர் மாட்டியவன்தான் முதல் சவாரியில் உட்கார வேண்டும், அது விமானப்படைப் பழக்கம் என்றார் வில்சன் சார். உட்கார்ந்தேன். இன்ஜின் முழங்கியது. கூட்டம் கை தட்டியது. வயல் பின்னால் ஓடியது. பெட்டியில் வேகம் பூஜ்யம்.

வில்சன் சார் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் தட்டினேன். பூஜ்யம். வயல் முடியப்போகிறது, இனி நிறுத்தினால் வாய்க்காலில்தான் நிற்க வேண்டும் என்பதால் அவர் தூக்கிவிட்டார். தென்னை மரங்களின் உயரத்தைத் தாண்டியதும் பெட்டிக்கு உயிர் வந்தது. அறுபது. எனக்கு மூச்சு வந்தது. மேலே ஏற ஏற நூறு, நூற்றறுபது, இருநூறு. அந்த விமானத்தை மலையில் இருந்து உருட்டிவிட்டால்கூட நூற்றைம்பதைத் தாண்டாது. பெட்டி சிவப்பாக மின்னி, விசில் அடிக்க ஆரம்பித்தது. மாமாவின் விமானம், வில்சன் சாரின் உயிர், என் கல்யாணம் மூன்றும் என் மடியில் உட்கார்ந்திருந்தன. (என் உயிர் ஞாபகத்துக்கே வரல, சத்தியமா.)

"தம்பி, இதை நம்பி நான் வேகத்தைக் கொறைச்சா கல்லு மாதிரி விழுவோம்," என்றார் வில்சன் சார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில். கழுத்தில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார். "இதால அதை மூடிப் புடிங்க. எனக்குக் காத்து சத்தம் போதும்."

ஆக, நானே தேர்ந்தெடுத்து, நானே மாட்டிய பெட்டியை முதல் பயணம் முழுக்க நானே துண்டு போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயரம் மட்டும் சரியாகக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்து, அவ்வப்போது கேட்பார். உலை மூடியைத் தூக்குகிற மாதிரி துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துச் சொல்வேன். உடனே மூடிவிடுவேன்.

பூ இறங்குவதுபோல இறக்கினார் மனிதர். கீழே ஒரே விசில், கைதட்டல். நடந்தது யாருக்கும் தெரியாது. மாமா ரோஜா மாலையோடு ஓடி வந்தார், எங்கள் இன்ஜினியர் மாப்பிள்ளை என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே. வில்சன் சார் வாயைத் திறக்கவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் மாலை கழுத்தில் விழுந்திருக்கும். ஆனால் அடுத்து அந்த சீட்டில் உட்காரப்போகிறவர் மாமா.

மாலையைக் கையால் தடுத்தேன். "மாமா, நீங்க ஏறாதீங்க. வேகம் தப்பாக் காட்டுது. எதனாலன்னு எனக்குத் தெரியல. நான் இன்ஜினியர் இல்லீங்க. ஷார்ஜால இன்ஜினியருக்கு டார்ச் புடிச்சவன்."

கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். தமிழ்ச்செல்வி மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. விமானத்தின் முன்னால் போய்க் குனிந்து நின்றாள்.

"இங்க பொட்டு வச்சது யாரு?"

போட்டோக்காரர் கை தூக்கினார். "மாப்ளதாங்க. படம் இருக்கு."

மேலே ஏற ஏற வெளிக்காற்று குறைய, அடைபட்ட குழாய்க்குள் சிக்கிய காற்றின் அழுத்தத்தைத்தான் பெட்டி வேகமென்று எண்ணியிருக்கிறது. அவள் சேலை ஊக்கைக் கழற்றிக் குழாயைக் குத்தப் போனாள். குத்தாதே, சந்தனம் உள்ளே போனால் பெட்டியே போய்விடும் என்று ஓடினேன். பலகைக்குப் பின்னால் தலையைக் கொடுத்தேன். அங்கிருந்து பெட்டிக்கு வரும், பச்சை நூல் கட்டிய குழாயைக் கழற்றினேன். அவள் முன்னாலிருந்து சுரண்ட, நான் துடைத்து, மறுபடி மாட்டினேன். அந்த நேரம் முழுக்க எனக்கு டார்ச் பிடித்தவர் ராஜமாணிக்கம் மாமா.

வில்சன் சார் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு மாமா ஏறினார். பேராவூரணித் தென்னந்தோப்புப் பக்கம் போய்த் திரும்பி இறங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்று அவர் சொல்லவில்லை.

"நூத்திப் பத்துல போனோம் மாப்ள. ஒரு புள்ளி ஆடல," என்றார். அந்தப் பொய்யைப் பற்றி அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது கையமர்த்தினார். "இன்ஜினியர் வேணும்னு நான் கேக்கலயே தங்கச்சி. மீட்டர் ஓடணும்னேன். ஓடுது." காத்திருந்த மாலை அப்போதுதான் விழுந்தது. அதன் கனத்தை இன்றும் கழுத்தில் உணர்கிறேன்.

வைகாசியில் கல்யாணம். தாலி கட்டியானதும் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரலில் எடுத்து அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். மணவறை முழுக்கப் பெரியவர்கள். அவள் தலையை நிமிர்த்தாமல், உதடு அசையாமல் சொன்னாள்:

"பாத்துங்க, மூக்கை அடைச்சிராதீங்க."

எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். வீடியோக்காரர் மைக்கை மாலைக்குள் மறைத்து வைத்திருந்தார். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த கேசட்டில் இருந்து எடுத்த சிடியைத்தான் போடுகிறார்கள். அந்த இடம் வந்ததும் குடும்பமே சேர்ந்து சொல்கிறது.