பாட்டுப்பெட்டிக்குப் பல் கட்டிய கதை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் காதைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் நிம்மதியாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் அப்பாவின் பாட்டுப்பெட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

பெட்டியை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்றாயே, தாராளமாக அனுப்பு. இந்தச் சனியனோடு இனி என்னால் குடித்தனம் நடத்த முடியாது. சாவி முடுக்கி வைத்தால் பிடித்து நிறுத்துகிற கொக்கி தேய்ந்துபோய்விட்டது. மிக்ஸி ஓடினால் பாடுகிறது, கதவைச் சாத்தினால் பாடுகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாமியார் இறந்துபோனதைச் சொல்ல வந்தவர், உட்கார நாற்காலியை இழுத்தார். அவ்வளவுதான், துள்ளலாக ஆரம்பித்துவிட்டது. நான் பெட்டிமேல் குப்புற விழுந்து அமுக்கியும் முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் ஓய்ந்தது. பாவம், மனுஷன் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே அழுதார்.

சரி, கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கிற பொருளை ஓட்டை உடைசலாகவா கொடுப்பது என்று கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டி வந்தேன். அங்கேதான் வினை. கொக்கியைப் பார்க்கச் சொன்னால், மனுஷன் உள்ளே முள் உருளை தட்டித் தட்டி ஓசை எழுப்புமே, அந்த இரும்புச் சீப்பை எட்டிப் பார்த்து, "ஒரு பல்லு ஒடஞ்சிருக்கே சார், இத வெச்சுக்கிட்டா இத்தன வருஷம் கேட்டீங்க?" என்று என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார். வெட்கமாகிவிட்டது, கட்டிவிடுங்கள் என்றேன். புதுப்பல் வைத்து, எண்ணெய் விட்டு, ஓடவிட்டார். பாட்டு சுத்தமாக வந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சலூனில் அழுகிற பிள்ளைகளைப் பலகைமேல் உட்காரவைத்து இதைத்தானே முடுக்கிவிடுவார். பல் உடைந்த இடத்தில் பாட்டு ஒரு கணம் ஊமையாகும். அப்பா அந்த இடம் பார்த்துக் கத்தரியால் ஒரு 'சக்' வைப்பார். பிள்ளை சிரிக்கும், தலை அசையாது, முடி விழும். நாமும் அந்தச் 'சக்'கோடுதானே பாடிப் பழகினோம்? பாட்டே அப்படித்தான் என்று கல்யாணம் ஆகும்வரை நம்பியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு 'டிங்' வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அப்பாவுக்கு இடமே இல்லை, அக்கா. என் வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது யார் வீட்டுப் பாட்டு?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே எடுத்துக்கொண்டு போய்விடு. மூத்தவள் நீ, உரிமையும் உனக்குத்தான். வாசல் நிலை இடிக்காமல் தூக்கத் தெரிந்த ஆளாக அனுப்பு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று வாழட்டும்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப்போன சமயம் மனசு கேட்கவில்லை. கடிகாரக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுப் புதுப்பல்லைப் பிடுங்கச் சொன்னேன். "வெச்ச பல்லப் பிடுங்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று முனகிக்கொண்டே பிடுங்கினார். வண்டியை அனுப்பாதே, பெட்டியைத் தர மாட்டேன். கோபப்பட்டால் படு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ வா. அந்த இடம் வரும்போது நானும் இவளும் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறோம். நீயும் வந்து பக்கத்தில் உட்கார்.