மாவிஸின் வில் உடைந்த விவரம்

வீரோக்வா, விஸ்கான்சின்
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய மச்சான் வெண்டல் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அப்படி எழுத மனசாட்சி இடம் தரவில்லை. நாய் மட்டும் நலம். உங்கள் முழங்கால் வலியும் ஃபெர்ன் அக்காவின் தக்காளித் தோட்டமும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

உங்கள் தங்கை மாவிஸ் நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து எங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அக்டோபர் பிறந்தால் மாவிஸ் வில்லைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்கு உங்கள் கேபினுக்கு வந்துவிடுவாள், நான் சீஸ் பாக்டரியே கதியென்று கிடப்பேன். ஜூனில் ஓய்வு பெற்றாயிற்று. இனி அக்டோபர் முழுக்க நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது, அவளோடு நானும் வருகிறேனே என்று ஆசையாகக் கேட்டால், "சொந்த வில் இல்லாதவனுக்கு இங்க கட்டில் கிடையாது, சமைச்சுப் போடறேன்னாலும் கிடையாது" என்று போனை வைத்துவிட்டீர்கள். ஒரு வில் வாங்கினால் தீர்ந்தது என்று நேற்று இருவரும் வில் கடைக்குப் போனோம். தன் வில்லுக்குப் புது நாண் மாட்ட வேண்டும் என்று மாவிஸ் அதையும் எடுத்து வந்திருந்தாள்.

கடைக்காரப் பெண் ஜோலீன், "நாணை இழுக்க எத்தனை பவுண்டு பலம் கேக்கற வில் வேணும் பெரியவரே?" என்றாள். நான், "என் மச்சான் இழுக்கறது எழுபது. அதுவே குடும்மா" என்றேன். "முதல் வில்லே எழுபதா? இதுக்கு முன்னாடி எதை இழுத்திருக்கீங்க?" என்று கேட்டாள். பனியில் புதைந்த காரை இழுத்திருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, "வானத்தைப் பார்த்துத் தூக்காதீங்க, நெஞ்சுக்கு நேரா இழுங்க. மரத்து மேல குளிர்ல விறைச்சு உட்கார்ந்திருக்கும்போது மான் வந்தா இப்படித்தான் இழுக்கணும்" என்றாள். இழுத்தேன் மச்சான். நாண் அசையவில்லை, ஸ்டூல் அசைந்தது, பேண்ட் பொத்தான் ஒன்று தெறித்துப்போய் தூண்டில் அலமாரிக்குள் விழுந்தது. மாவிஸ் பரிதாபப்பட்டு, "இந்தா, என்னோடதைப் பிடி" என்று தன் நாற்பத்தைந்து பவுண்டு வில்லைக் கொடுத்தாள். அந்தப் பரிதாபம்தான் அவளுக்கு வினையாகிப் போச்சு.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். இந்தக் காலத்து வில்லின் இரு முனையிலும் இருக்கிற சக்கரங்கள் சுழன்று, பாரம் சட்டென்று குறைந்து, நாண் என் கன்னத்துக்கு வந்துவிட்டது. அந்த நிமிடம் பார்த்து ஜோலீன் என் முகத்தை உற்றுப் பார்த்து, "அடடா, உங்களுக்குக் குறி பார்க்கிற கண்ணு இடது கண்ணு பெரியவரே! இடது கை வில்லுதான் சரி. துப்பாக்கியையும் இத்தனை வருஷமா தப்பான தோள்லதான் வெச்சிருப்பீங்க" என்றாளே பார்க்கலாம்! ஒவ்வொரு நவம்பரும் துப்பாக்கி சீசனில் மான் தப்பியதற்கு, வேட்டைக்காரர் வழக்கப்படி அபராதமாக நீங்கள் கத்தரித்துக் கேபின் சுவரில் ஆணி அடித்த என் சட்டை வால்கள் அத்தனையும் கண் முன்னால் வந்து நின்றன. "அடக் கடவுளே, என் சட்டை!" என்று கையை விட்டுவிட்டேன்.

வில்லில் அம்பு இல்லை மச்சான். வெறும் நாணை விட்டுவிட்டேன். இடி விழுந்த மாதிரி சத்தம். வில்லின் மேல்பாதி பிளந்து, கம்பிகள் தொங்கி, ஒரு சக்கரம் கவுண்டருக்கு அடியில் உருண்டது. கடையில் இருந்தவர்கள் சாவு வீட்டில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர், "அம்பில்லாம வெறும் நாணை விட்டா வில்லே உடைஞ்சிடும்னு பால் குடிக்கிற புள்ளைக்குக் கூடத் தெரியுமேய்யா" என்றார். மாவிஸ் குனிந்து அந்தச் சக்கரத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகம். அவளுக்கு உயிரான பொரித்த சீஸ் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. பயமாக இருக்கிறது, மச்சான். அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு வில்லும் வேண்டாம், வேட்டையும் வேண்டாம். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் முழங்காலையும் அக்காவின் தக்காளிகளையும் உறைபனியிலிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
கதிகலங்கிப் போயிருக்கும் மைத்துனன்,
ஆர்வில் ஸ்ட்ராண்ட்

பி.கு.: தயவுசெய்து வர வேண்டாம். உறையில் போடுவதற்குள் மாவிஸ் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அவள் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லையாம், வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும், என் மனம் புண்படும் என்றுதானாம். ஜோலீனிடம் போனில் இரண்டு வில்லுக்குச் சொல்லிவிட்டாள்; ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு, இடது கைக்கு, முப்பது பவுண்டில். இரண்டும் அக்டோபர் கழிந்துதான் வருமாம். வில் இல்லாதவருக்குக் கட்டில் இல்லை என்பது உங்கள் சட்டம், அதனால் இந்த அக்டோபர் அவளும் வரவில்லை. "ஒரு வருஷம் கூட விட்டதில்லையே, உனக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். "மானுக்காகவா போனேன்? அக்டோபர்னா உனக்கு ராத்திரி ஷிப்டு. இந்த வீட்டுல எனக்கு யாரு இருந்தா?" என்றாள். எழுந்துபோய் வெகுநேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன் மச்சான், எல்லாம் ஏற்கெனவே துலக்கி வைத்த பாத்திரம்.