இடிமன்னன் விஷயத்தில் நான் சொன்ன தீர்ப்பு

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு,

இங்கு நாங்கள் நலம். தங்கள் நலமும், தங்கள் இடது முழங்காலின் நலமும் அறிய ஆவல். வழக்கமாக 'நீ' என்று எழுதுகிறவன் இன்று 'தங்கள்' என்று தொடங்குவதைப் பார்த்து அத்தானுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். கோபப்பட வேண்டிய இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள். நான் பயப்பட வேண்டிய இடத்தில் இருக்கிறேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம்தான். எண்களை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் குறுக்கிட்டு 'ஏன் அப்படிச் சொன்னீங்க?' என்று யாரும் கேட்க முடியாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஓய்வு பெற்றோர் மன்றத்தில் மாதம் ஒரு விவாதம் நடப்பது தங்களுக்குத் தெரியும். இந்த மாதத் தலைப்பு, 'மல்யுத்தக் காட்சி வீட்டுக்கு வீடு பரவியது இடிமன்னன் என்கிற ஒரே வீரராலா?' என்பது. எடை அளவை ஆய்வாளராக இருந்து கடைத் தராசுகளுக்கு முத்திரை வைத்தவன் என்கிற தகுதியில் என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். தராசு ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது; எந்தத் தட்டில் இருக்கிற சரக்கு உசத்தி என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. இந்த வித்தியாசம் மன்றச் செயலாளருக்குப் புரியவில்லை. எனக்கு அதை விளக்கத் தைரியம் வரவில்லை. முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், இடிமன்னன் ரசிகர் மன்றத்தின் நிரந்தரத் தலைவர், அவர்தான் முதலில் பேசினார். இடிமன்னன் வருவதற்கு முன்பு மல்யுத்தம் தகரக் கொட்டகையில் பீடிப் புகைக்கு நடுவே நடந்தது, அந்தப் பக்கம் போகிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவர் வந்த பிறகு அதே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள், சோப்பு உறையிலும் பள்ளிக்கூடப் பையிலும் அவர் முகம்தான் இருந்தது என்றார். முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான், அதை ஒத்துக்கொள்கிறோம், ஆனால் அத்தனை கனமான ஆளைத் தலைக்கு மேல் தூக்கியது நிஜம், அந்தத் தூக்கல்தான் ஊரைத் தூக்கியது என்று முடித்தார். தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்ப்பவர் எதிர்த்துப் பேசினார். பெட்டி வீட்டுக்கு வீடு வந்த நேரம், உள்ளே யார் இருந்திருந்தாலும் மன்னன்தான், ஒரு ஆட்டுக்குட்டியை விட்டிருந்தால் அதுக்கும் ரசிகர் மன்றம் இருந்திருக்கும் என்றார்.

இரண்டு தட்டும் சமம் என்று சொல்லத்தான் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எழுந்து நின்றால், முன் வரிசை முழுக்க ரசிகர் மன்றத்தார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். என் வாய் என் அனுமதி இல்லாமல், 'அவர் ஒருவரால்தான், சந்தேகமே இல்லை' என்றது. கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. அந்த மயக்கத்தில் இன்னொன்றும் சொன்னேன். 'எதிரே நின்றவர்கள் யார் என்பது முக்கியமே இல்லை. ஒரு கோணி மூட்டையை நிறுத்தியிருந்தாலும் அவர் அதே புகழை அடைந்திருப்பார்.'

அப்போதுதான் கடைசி வரிசையில் தங்களைப் பார்த்தேன். இடிமன்னனிடம் தோற்பதையே தொழிலாகக் கொண்ட முகமூடி மூர்க்கன் தாங்கள்தான் என்பது அந்தக் கூடத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த நான் மூட்டை என்கிறேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனீர்கள். தோள்கள் குலுங்கின. அந்தக் குலுக்கலை நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உங்க அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் அதோடு முடிந்திருக்கும். அவள் உடனே அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. நான் எதிரே போனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். வருகிற ஞாயிறு அவளுக்கு எழுபது முடிகிறது. அவள் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு நீ வராமல் இருந்ததே கிடையாது. (நீங்கள் என்று எழுதினால் வாக்கியம் ரொம்ப நீளுகிறது, மன்னிக்கணும், இனி நீ என்றே எழுதிவிடுகிறேன்.) 'தம்பி வருவானா?' என்று கேட்டேன். 'அவன்கிட்டயே கேளுங்க' என்றாள், அதுவும் சுவரைப் பார்த்து. எழுபது வயதில் அவளுக்கு இப்படியொரு ஞாயிற்றுக்கிழமையை என் நாக்கு தேடிக்கொடுத்துவிட்டது.

சரி, தப்பான தராசுக்கு முத்திரை வைத்துவிட்டோம், மறுபடி சோதித்துத்தான் ஆகணும் என்று பழுது பார்ப்பவர் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவரிடம் பழைய ஆட்டங்களின் ஒளிநாடாக்கள் இருக்கின்றன. போட்டுப் பார்த்தால் பழைய வியாதி, கண் இடிமன்னனிடமே போகிறது. அதனால் ஓர் அட்டையை இடிமன்னன் அகலத்துக்கு வெட்டி, அவர் போகிற இடமெல்லாம் திரையின் மேல் நகர்த்திக்கொண்டே இருந்தேன். கடைக்கு வந்தவர்கள் எனக்கு என்ன உடம்புக்கு என்று அவரிடம் ரகசியமாகக் கேட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை, அட்டை மறைத்த பிறகுதான் நான் உன்னைப் பார்த்தேன். அவர் உன் இடுப்பில் கை போடுவதற்கு முன்பே உன் விரல்கள் அவர் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துகின்றன, தயார் என்று. பிறகு நீயே குதிக்கிறாய். உன் கனத்தை நீயே மேலே கொண்டு போய் அவர் தோளில் வைக்கிறாய். அங்கே விறைப்பாக நின்று, கூட்டம் கத்தி முடிக்கிற வரை அவர் கை நடுங்காமல் நீ தாங்குகிறாய், அவர் உன்னை அல்ல. விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையால் மேடைப் பலகையை அறைகிறாய். அந்தச் சத்தம்தான் இடி. எடை பார்த்தே வயதானவன் நான். அந்தக் கையை அந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு உன் கனத்தில் பாதியைக் கூட ஒருவரும் தூக்க முடியாது. ஆட்டம் முடிந்து வருகிற உன் முதுகுக்கு நானே தைலம் தேய்த்திருக்கிறேன். தேய்த்துவிட்டு, 'அவருக்கு என்ன பலம் பாரு' என்று உன்னிடமே வியந்திருக்கிறேன். நீயும் 'ஆமா அத்தான்' என்று முனகியிருக்கிறாய்.

கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருத்த வேண்டும் என்பது என் வழக்கம். மன்றத்தில் சிறப்புக் கூட்டம் கேட்டேன். ஒரு மெத்தையை வாடகைக்கு எடுத்து விரித்து, கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கச் சொன்னேன். அவர் என் உடம்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் வந்தார். நான் மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டேன். முழங்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை. 'என்ன சார், கல்லு முழுங்கினீங்களா?' என்றார். இப்போது பாருங்கள் என்று அவர் மணிக்கட்டை அழுத்திவிட்டு, உன்னை மாதிரியே குதித்தேன். குதித்தது சரியாகத்தான் வந்தது. அவர் தயாராக இல்லை என்பதுதான் கோளாறு. இரண்டு பேரும் மெத்தையைத் தவிர்த்துவிட்டுத் தலைவர் மேசை மேல் போய் விழுந்தோம். அவருடைய கண்ணாடியே உடைந்தது. எனக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது, இதைத் தலையணை மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இருந்தாலும், அந்த ஒரு நொடி நான் அவர் தோளுக்கு மேலே இருந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மேசையைப் பிடித்து எழுந்து, மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை எல்லாவற்றையும் விளக்கி, ஒருவரால் அல்ல, இருவரால் என்று தீர்ப்பை மாற்றி வாசித்தேன். மூர்க்கன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை, அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

இந்தத் தடவை ஒருத்தரும் கைதட்டவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே உடைந்த சில்லைப் பொறுக்கிக்கொண்டு, 'சார், இதை எங்ககிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்' என்றார். நான் அவருக்குக் கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

உங்க அக்காவிடம் சொன்னேன், தம்பிக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று. அவள் முதல்முறையாகச் சுவரை விட்டு என்னைப் பார்த்தாள். சமையலறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. மனம் நெகிழ்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஆகையால், மூட்டை என்றதற்கு என்னை மன்னித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் வர வேண்டும். என் பேரில் கோபம் தீரவில்லை என்றால் வந்து சாப்பிட்டுவிட்டுக் கோபப்படலாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள், உன் வீட்டாருக்கு என் அன்பு, முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்க அக்கா இதைப் படித்துவிட்டாள். படித்துவிட்டு நான் தடுக்கத் தடுக்க உனக்குப் போன் போட்டாள். நீ பேசியது உனக்கே தெரியும், இருந்தாலும் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க எழுதிவிடுகிறேன். அன்று தோள் குலுங்கியது சிரிப்பாம். அக்காவின் மௌனம், வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோமோ என்கிற பயமாம், அத்தானிடம் சொல்லாதே என்று நீதான் அவளிடம் சத்தியம் வாங்கினாயாம். 'என் முதுகுக்குத் தைலம் போட்ட மனுஷன் நீங்க, நீங்களே நம்பி ஒரு மூட்டை போதும்னு சொல்லிட்டீங்க. என் பிழைப்பிலே எனக்குக் கிடைச்ச பெரிய பேரு அதுதான் அத்தான். அதைப் போய் மெத்தை விரிச்சுக் கலைச்சுட்டீங்களே' என்றாய். 'இடிமன்னனால இப்போ ஒரு டம்ளரைத் தூக்க முடியலை. பாக்க வர்றவங்க எப்படிய்யா தூக்கினேன்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு சிரிப்பு சிரிப்பாரு. இனிமே யாரு கேப்பாங்க?' என்றாய். உங்க அக்காவுக்கு நிஜமான கோபம் சமையலறையில்தான் தொடங்கியதாம்.

எனவே மேலே கேட்ட மன்னிப்பை ரத்து செய்துகொள்கிறேன். உன் நிபந்தனைப்படி சனிக்கிழமை மன்றத்துக்குப் போய், என் கணக்கில் பிழை, மெத்தையில் பிழை, தூக்கியது இடிமன்னன்தான், அவர் ஒருவரால்தான் எல்லாம் என்று மறுபடி தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டபின் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாய். முதல் தடவை தெரியாமல் சொன்னதால் சுலபமாக இருந்தது. காலையிலிருந்து அக்கா முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வார்த்தை சரியாக இருக்கிறதாம், முகத்தில் உண்மை இன்னும் தெரிகிறதாம்.