செருப்புத் தணிக்கை

போன வருடம் ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். மழை விட்டு வெயில் அடித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தார்ச்சாலையில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டிய நான், ஒரு மாடிப்படியின் அடியில் குனிந்து, யாருடைய செருப்பையோ கையில் பிடித்திருந்தேன்.

காரணம் இருக்கிறது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் யோகேஸ்வரி என்ற பெண் நடத்தும் பயண முகவர் கடை. அதன் லாபமெல்லாம் மாடியில் நடக்கும் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறது, இருபத்திரண்டு பேர் படிக்கிறார்கள் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகும் குழுவில் இரண்டே இடம் மிச்சம். நான்கு மணிக்குள் பணம் கட்டினால் எனக்கும் மனைவி பூமணிக்கும் கிடைக்கும். அவள் பதினெட்டு வருடமாகக் கேட்கும் பயணம் அது. பணம் சட்டைப்பையில் தயாராக இருந்தது. ஆனால் லாபத்தைத் தானம் செய்யும் பயண முகவரை எழுபத்திரண்டு வயதுவரை நான் கண்டதில்லை. (கண்டிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனாக்கும்.)

வகுப்பு நேரத்தில் ஆண்கள் மாடிக்குப் போகக்கூடாது. ஆனால் நம்மவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே ஏறுவார்கள்? செருப்பை எண்ணினால் ஆளை எண்ணியதுபோல. இந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். எண்ணினேன். ஒன்பது சோடி. மறுபடியும் ஒன்பது. அதிலும் ஒன்று ஆண் செருப்புபோலத் தெரியவே, அளவு பார்க்கக் கையில் எடுத்தேன்.

"அங்கிள், இன்னிக்கு எத்தனை சோடிலா?"

பின்னால் ஒரு பெண். கிள்ளானில் தொழிற்சாலை வேலை, பெயர் சரோஜா, ரயில் தாமதமாகி வகுப்புக்கு ஓடி வந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நம்மைப்போல் கணக்கில் அக்கறை உள்ளவர் என்று நினைத்து, "ஒன்பது" என்றேன் பெருமையாக.

"போன வாரம் மூணுதானே எடுத்தீங்க?"

அங்கே இரண்டு மாதமாகச் செருப்புக் களவாம். நல்ல செருப்புக்காரர்கள் அதைப் பையில் போட்டு உள்ளேயே கொண்டுபோகிறார்களாம். பிய்ந்ததுதான் வாசலில் கிடக்குமாம். இதை எனக்கு விளக்குமுன் சரோஜா மாடியை நோக்கி ஆள் கூப்பிட்டுவிட்டார். வகுப்பே இறங்கி வந்தது. அப்போதும் எண்ணினேன். ஆசிரியையைக் கழித்து, சரோஜாவைக் கூட்டினால், சரியாக இருபத்திரண்டு. திருப்தியில் சிரித்துவிட்டேன். (வினை முற்றியது அங்கேதான்.) ஒருவர் என் அடையாள அட்டையை வாங்கி, பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தார். வகுப்பு நடப்பதற்கு இதைவிட அத்தாட்சி எந்தத் தணிக்கையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சத்தம் கேட்டு வந்த யோகேஸ்வரி, என்னிடமே எண் வாங்கிப் பூமணியைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"இல்லைப் பிள்ளை, அவர் களவெடுக்கிற ஆளில்லை," என்றாள் பூமணி. "எண்ணிக்கொண்டு நிண்டிருப்பார்."

சரோஜாதான் முதலில் சிரித்தார். பிறகு மற்ற இருபத்தொரு பேரும். அது அடங்கியதும் பூமணி கேட்டாள்: "காசு கட்டியாச்சோ?"

மணி நான்கு இருபது. இரண்டில் ஓர் இடத்தைப் பங்சாரிலிருந்து ஒரு டாக்டரம்மா கைபேசியிலேயே பணம் கட்டி எடுத்துவிட்டிருந்தார். கெடு தாண்டியும் யோகேஸ்வரி மனமிரங்கியதால், மிச்சமிருந்த ஒன்றுக்குக் கட்டினேன்.

பூமணி தனியாகப் போய்வந்தாள். தேர்த் திருவிழாவன்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சாமி இல்லை, தேரும் இல்லை. வீதியோரம் மலைபோலக் குவிந்த செருப்புகள். கீழே, "எண்ணி முடிச்சதும் சொல்லுங்கோ."

இப்போது சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், மாப்பிள்ளை பெண் படத்துக்கு முன்னால் வாசல் செருப்புகளின் படம்தான் எனக்கு வந்து சேர்கிறது. என் மானத்தை மீட்க வகுப்புக்கு வாங்கிக்கொடுத்த பூட்டுள்ள செருப்பு அலமாரிக்கு, லோரிக்கூலி சேர்த்து, முந்நூற்று அறுபத்தெட்டு ரிங்கிட் ஐம்பது சென்.