அருணை ஸ்டுடியோவில் ஒரு காட்டு யானை

சக்கரபாணி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் கோயில் யானையைப் படம் எடுப்பதில்லை.

கோயில் யானையை எவன் வேண்டுமானாலும் எடுப்பான். ஒரு வாழைப்பழம் நீட்டினால் போதும், கல்யாணப் பெண்ணை விட நன்றாகப் போஸ் கொடுக்கும். காட்டு யானையை அதன் காட்டிலேயே போய் எடுக்க வேண்டும். ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு வாசல் கண்ணாடிக்குள் மாட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஊரில் இருக்கிற மற்ற ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் கேமராவை விற்றுவிட்டு மல்லாட்டைக் கடலை வறுக்கப் போய்விட வேண்டும்.

அவருடைய அருணை ஸ்டுடியோ திருவண்ணாமலையில், திருவூடல் தெருவில் இருந்தது. சாமியும் அம்மனும் வருஷத்தில் ஒரு நாள் ஊடல் கொள்கிற தெரு. சக்கரபாணி வீட்டில் அதற்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

படம் எடுப்பது சக்கரபாணி. ஃபிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அவர் மனைவி ரேணுகாம்பாள். அவள் இருட்டறையிலிருந்து ஈரக்கையோடு வெளியே வந்தாலே இவர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"மாப்பிள்ள கண்ண மூடிக்கினு இருக்காரு. பொண்ணுக்குப் பாதித் தலைதான் இருக்குது. பின்னாடி திரையில இருக்கிற புலி மட்டும் பளிச்சுனு விழுந்திருக்குங்க."

அந்தத் திரையில் ஒரு முழுக் காடே வரைந்திருந்தது. அருவி, மான், மீசை முறுக்கிய ஒரு புலி. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் திரையைத் தூசி தட்டிக்கொண்டிருந்த ரேணுகாம்பாளுக்கு ஒரே ஒரு ஆசை. நிஜக் காட்டைப் பார்க்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் சக்கரபாணி திரையைக் காட்டுவார்.

"இந்தக் காட்டுக்கு இன்னா குறைச்சல்? கொசு கிடையாது, அட்டை கிடையாது, பஸ் சார்ஜ் கிடையாது."

இப்போது அவரே நிஜக் காட்டுக்குப் போவதாக முடிவு செய்துவிட்டார். ஆனால் தனியாக. அங்கேயும் பக்கத்தில் நின்று, 'யானைக்குப் பாதித் தலைதான் வருதுங்க' என்று ஒரு குரல் கேட்டால் எப்படி? அது எண்பத்து மூன்றாம் வருஷம். புரட்டாசி மாசம்.

"ரேணு, கீழ்பென்னாத்தூர்ல ஒரு கல்யாண ஆர்டர். பெரிய இடம். வர நாலஞ்சு நாள் ஆவும்."

"புரட்டாசியில எவங்க கல்யாணம் பண்றான்?"

சக்கரபாணிக்கு இது தோன்றவே இல்லை.

"அவங்க... கொஞ்சம் அவசரக்காரங்க."

"அவசரக்காரங்க நாலஞ்சு நாளா தாலி கட்டுவாங்க?"

"பெரிய குடும்பம்மா! ஜனம் ஜாஸ்தி. பொட்டியில அந்த ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் எடுத்து வை."

ரேணுகாம்பாள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். கீழ்பென்னாத்தூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் நிற்கப்போகிற மனிதரை அப்படித்தான் பார்க்க முடியும்.

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். எடுத்தும் வைத்தாள்.

இத்தனை சுலபமாக ஜெயித்ததில் சக்கரபாணிக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சேலம் பஸ்ஸில் ஏறி, கேமரா ஸ்டாண்டையும் பெட்டியையும் மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தார். முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீழ்பென்னாத்தூர் பஸ்சு அந்தாண்ட நிக்குதுங்க."

ரேணுகாம்பாள்! மடியில் புளிசாதத் தூக்கு. தோளில் ஸ்டுடியோவில் மூலையில் கிடந்த பழைய டப்பா கேமரா. கழுத்தில் அவருடைய மஃப்ளர்.

"நீ... நீ எப்படி?"

"முதுமலைக்கு எப்படிப் போறதுனு பக்கத்துக் கடை சடையண்ணன் கிட்டக் கேட்டீங்களாமே. அவரு வீட்டுல சொன்னாரு. அவங்க வந்து எங்கிட்ட, 'குடுத்து வெச்சவடி நீ, ரெண்டு பேரும் காட்டுக்குப் போறீங்களாமே'ன்னாங்க. ரெண்டு பேர்னு ஆயிட்ட பிறகு ஒருத்தர் மட்டும் போனா நல்லாவா இருக்கும்? டிக்கெட் ரெண்டா வாங்குங்க."

சேலம், கோயமுத்தூர், ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். சக்கரபாணி கூடலூர் வரைக்கும் பேசவில்லை. ரேணுகாம்பாளுக்கு அதற்கு நேரமும் இல்லை. ஜன்னலிலேயே இருந்தாள்.

முதுமலைக்குள் நுழைந்ததும் சக்கரபாணியும் கோபத்தை மறந்துபோனார். மழை விட்ட காடு. மூங்கில் புதரெல்லாம் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ரோட்டோரத்தில் புள்ளிமான்கள் கூட்டமாக நின்று, பஸ்ஸை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் புல் மேய்ந்தன. உயரத்தில் ஒரு மலை அணில் பூனை அளவுக்கு இருந்துகொண்டு மரத்துக்கு மரம் பறந்தது. தேக்கு மர நிழலில் கருங்கல் பாறை ஒன்று கிடந்தது. அது எழுந்து நின்றபோதுதான் காட்டெருமை என்று தெரிந்தது.

"கால்ல வெள்ளை சாக்ஸ் போட்டிருக்குதுங்க!" என்று ரேணுகாம்பாள் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. சக்கரபாணிக்கு, இவளைக் கூட்டிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. தான்தான் கூட்டி வந்தோம் என்றும் தோன்ற ஆரம்பித்தது.

மறுநாள் காலை வனக்காவலர் காசி அவர்களை ஒரு தண்ணீர்க் குட்டைக்கு நடத்திக்கொண்டு போனார். குட்டைக்கரையில் மரத்தால் ஆன காவல் கோபுரம் இருந்தது.

"ரெண்டு பேரும் மேல ஏறிடுங்க சார். கீழ நிக்கக் கூடாது."

"மேல இருந்து எடுத்தா யானை முதுகுதான்யா விழும்" என்றார் சக்கரபாணி. "யானைய நேருக்கு நேரா எடுக்கணும். அவங்கள மேல ஏத்து. அவங்களுக்குப் பயமா இருக்கும்."

காசி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஏணியடியிலேயே ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காசி மேலே இருந்தபடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை. யானைகள் வந்தன.

அத்தனை பெரிய உடம்புகள் இப்படிச் சத்தமில்லாமல் நடக்க முடியும் என்று ரேணுகாம்பாளுக்கு யாரும் சொன்னதில்லை. முன்னால் வந்த பெரிய யானை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தது. அதன் வயிற்றுக்குக் கீழே, நான்கு தூண்களுக்கு நடுவே நடப்பது போல ஒரு குட்டி வந்தது. அதற்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்றே தெரியவில்லை. தண்ணீரை உறிஞ்சப் பார்த்தது, வரவில்லை. கடைசியில் மண்டி போட்டு வாயாலேயே குடித்தது. அம்மா தன் தும்பிக்கையால் அதன் முதுகில் தண்ணீரை ஊற்றியது. காலை வெயிலில் அந்தத் தண்ணீர் மின்னி வழிந்தது. ரேணுகாம்பாளின் கண்ணும் வழிந்தது. துடைத்துக்கொண்டு டப்பா கேமராவை எடுத்தாள்.

கீழே சக்கரபாணி யானையை நேருக்கு நேராகப் பார்த்தார். யானையும் அவரை நேருக்கு நேராகப் பார்த்தது. அதற்கு மேல் அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பட்டனை அழுத்த வேண்டும் என்பது உட்பட. ஏணி எங்கே என்பதும் மறந்துபோய், கைக்கெட்டிய முதல் மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

குட்டி ஆர்வமாகப் பக்கத்தில் வந்தது. கேமரா ஸ்டாண்டைத் தடவிப் பார்த்தது. ஒரு தள்ளு தள்ளியது. ஸ்டாண்ட் சாய்ந்ததும் பயந்துபோய் அம்மாவிடம் ஓடியது.

மேலே 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

ஊருக்குத் திரும்பியதும் ரேணுகாம்பாள் இரண்டு கேமராவின் ஃபிலிமையும் கழுவினாள். சக்கரபாணியின் ஃபிலிமில் யானை வருவதற்கு முன்னால் எடுத்த இலைகள் மட்டுமே இருந்தன. டப்பா கேமராவில் யானைக் குடும்பமே இருந்தது. அம்மா, குட்டி, முதுகில் வழியும் தண்ணீர், எல்லாம். சக்கரபாணி அந்தப் பிரிண்ட்டைக் கையில் வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் தான் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அப்புறம்தான் இடது மூலை கண்ணில் பட்டது.

"ரேணு, இந்த ஓரத்த மட்டும் கொஞ்சம் வெட்டிடலாம். பார்வைக்கு எடுப்பா இருக்கும்."

"நீங்க சொன்னா சரிங்க."

ஓரம் போயிற்று. வாசல் கண்ணாடிக்குள் யானை ஏறியது. தேரடியிலிருந்தெல்லாம் ஜனம் வந்து பார்த்தது. பக்கத்து சைக்கிள் கடை சடையன் வாயைப் பிளந்தார்.

"அண்ணே, எவ்ளோ கிட்ட நின்னு எடுத்தீங்க?"

"நான் இங்க, அது அங்க" என்றார் சக்கரபாணி. யார் எடுத்தது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. "கண்ணுக்குக் கண்ணு பாத்துக்கினோம். அதுதான் மொதல்ல திரும்பிச்சி."

"உங்க வீட்டுல பயந்துட்டாங்களா?"

"அவளா? மேல கோபுரத்துல ஏறி உக்காந்துட்டா. பொம்பளைங்க மனசு அவ்ளோதான்யா."

உள்ளே இருட்டறையில் தண்ணீர் சத்தம் சட்டென்று நின்றது.

மறுநாள் சக்கரபாணி அடி அண்ணாமலையில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். ஸ்டுடியோ வாசலில் தேர் நிற்கிற மாதிரி கூட்டம். அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று பெருமையோடு உள்ளே புகுந்தார்.

கண்ணாடிக்குள் இருந்தது புதுப் பிரிண்ட். முன்னதை விட ரெட்டைப் பங்கு பெரிது. ஓரம் வெட்டாதது.

கூட்டத்தின் முன்னால் நின்ற சடையன், கண்ணாடி மேல் மூலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டி ரேணுகாம்பாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இங்க ஒரு ஆளு மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறானே, இது யாரு?"

ரேணுகாம்பாள் கணவரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னாள்:

"யானை எவ்ளோ பெருசுனு பாக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா? அளவுக்கு ஒரு ஆள நிக்க வெச்சி எடுத்தேன்."