ரெண்டு பட்டன்லயும் நீக்கு

யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் தானே செய்து பார்க்கும் ஆள் வீட்டில் ஒருவர் இருந்தால், ரிப்பேர்காரருக்கு வேலை இரண்டு மடங்காகும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கூடுவாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டில் லினக்ஸ் பிரியர்கள் ஐந்து பேர் கூடுவோம். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, இலவசமாகத் தந்த இயங்குதளம் அது. கூட்டுழைப்பின் உச்சம் என்று மேடை கிடைத்தால் முழங்குவோம் (மேடை கிடைத்ததில்லை). ஆனால் எங்களில் யாரும் யாரோடும் சேர்ந்து எதையும் செய்ததில்லை. ஆளுக்கொரு லினக்ஸ் கட்டி, ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம். சந்தேகம் கேட்டால், உள்ளேயே எழுதியிருக்கிறது, படித்துப் பார் என்பதுதான் பதில். கேட்பதே கௌரவக் குறைச்சல்.

ஒரே ஒரு முறை நானும் திருக்கழுக்குன்றம் பாஸ்கரும் கூட்டுச் சேர்ந்தோம். லினக்ஸ் திரையில் தெரிவதையெல்லாம் தமிழாக்க வேண்டும். பாதி அவன், பாதி நான். 'ஃபைல்' என்பதைக் கோப்பு என்பதா, ஃபைல் என்றே விடுவதா என்று சண்டை வந்து பேச்சு நின்றுபோனது. வேலை நிற்கவில்லை. அவன் தன் பாதியை அனுப்பினான். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் (ரோஷம்) என் பாதியோடு ஒட்டி, வீட்டுக் கணினியில் ஏற்றினேன்.

அந்தக் கணினியில்தான் என் மனைவி மாலதி எம்.ஃபில். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தமிழ்த் துறை. மாமல்லபுரம் தொடங்கி, கடலோரக் குப்பங்களில் வெயிலில் அலைந்து மீனவர்களின் சொற்களைச் சேகரித்திருந்தாள். அடுத்த வாரம் சமர்ப்பிக்க வேண்டும். ஃப்ளாப்பியில் ஒரு படி எடுத்து வைக்கிறேன் என்றவளை, என் லினக்ஸுக்கு வைரஸே வராது என்று தடுத்து, அவமானப்பட்டேன். அதாவது, அன்று அவமானப்பட்டதுபோல் நடித்தேன். பிறகு நிஜமாகவே பட்டேன்.

பழைய ஃபைல் ஒன்றை அழிக்கப்போனவள், தவறுதலாக ஆய்வேடு மொத்தமும் இருந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். 'நீக்கவா?' என்று கணினி கேட்டது. கெட்டிக்காரி, கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, ரெண்டு பட்டன்லயும் நீக்குன்னே போட்டிருக்கு. எதை அமுக்கறது?"

டெலீட்டுக்கு நான் 'நீக்கு' என்று வைத்திருந்தேன். கேன்சலுக்குப் பாஸ்கரும் அதையே வைத்திருக்கிறான். எஸ்கேப் விசையைத் தட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் சொந்தமாகக் கட்டியவன் எஸ்கேப் ஆவானா? வலது பக்கம்தான் கேன்சல் என்று அறிவித்து, நானே அழுத்தினேன்.

ஃபோல்டர் போனது. குப்பைத்தொட்டியில் தேடலாம் என்றால், கணினிக்குப் பாரம் என்று அந்த வசதியை நான்தான் பிடுங்கியிருந்தேன்.

மாலதி எழுந்துபோய் அலமாரியைத் துழாவினாள். நெறியாளர் திருத்திக் கொடுத்த அச்சுப்படியில் முதல் மூன்று இயல்கள் இருந்தன. மற்றவை போனது போனதுதான்.

ரோஷத்தை ஒதுக்கி வைத்துப் பாஸ்கருக்கு ஃபோன் செய்தேன். மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு உடனே வந்தான். திரையைப் பார்த்தான்.

"என்னுது கரெக்டா கீது மச்சான். நீ இன்னாத்துக்கு டெலீட்டுக்குப் போயி நீக்குன்னு வச்ச?"

அவ்வளவுதான். கேன்சலுக்கு 'ரத்து' என்றார் ஒருவர். 'விலக்கு' என்றார் இன்னொருவர். 'கைவிடு'தான் கம்பீரம் என்றார் மூன்றாமவர். நடுநடுவே ஆளுக்கொரு முறை தத்தம் லினக்ஸை ஏற்றி மீட்கப் பார்த்ததில், ஹார்ட் டிஸ்க்கில் மிச்சமிருந்த ஆய்வேட்டின் தடயமும் சுத்தமானது.

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிய மாலதி வாசலில் நின்றாள்.

"தமிழ்ல எம்.ஃபில். பண்றவ பக்கத்து ரூம்லயேதானே இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

எங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு வார்த்தைதான்.

அவகாசம் வாங்கி, அந்தச் சென்டரில், நாங்கள் காறித் துப்பிய, காசுக்கு விற்கும் இயங்குதளத்திலேயே உட்கார்ந்து அவள் எழுதி முடித்தாள். நாங்களும் சும்மா இல்லை. ஆளுக்கொரு சொல்லோடு ஐந்து புதிய லினக்ஸ்களை வெளியிட்டோம்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் கடைசியாக என் பெயரும் இருக்கிறது: 'இறுதி இயல்களை மறுபடியும் எழுதும் வாய்ப்பை, நான் கேட்காமலேயே ஏற்படுத்தித் தந்த என் கணவருக்கு.' அந்த வரியை எடுத்துவிடும்படி நெறியாளர் சொன்னாராம். மாலதி மறுத்துவிட்டாள். இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், என் மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து உரக்க வாசிக்கிறாள். மாமனார் வந்திருந்தால், இன்னொரு தடவை படிம்மா என்கிறார்.