ஜும்ஆ நேரத்தில் மட்டும் வரவும்

'அவருக்குப் போன் விஷயம் எல்லாம் தெரியும்' என்று பெயரெடுத்த மருமகனுக்கு இந்த உலகத்தில் நிம்மதி கிடையாது. எனக்கு அந்தப் பெயர் கல்யாணமான சூட்டோடேயே கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். நானும் புத்தளத்திலிருந்து ஒரு பெட்டியோடு கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன்பிறகு அந்தத் தெருவில் யார் பழைய ஃபிரிட்ஜ் விற்பதானாலும், உட்கார்ந்தால் கால் ஆடும் கதிரை விற்பதானாலும், இணையச் சந்தையில் என் கணக்கிலிருந்துதான் விளம்பரம் போகும். நாளடைவில் அதுவே என் தொழிலாகவும் ஆனது. (தொழில் என்று சொல்வது நான் மட்டும்தான்.)

மாமா கடலுக்குப் போவதை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் அவருடைய பழைய போட் எஞ்சின் கரையேறி வந்து முன்னறையில் குடியிருந்தது. தினமும் அதைத் துடைப்பார். மாமி என்ன சமைத்தாலும் எங்களுக்கு மண்ணெண்ணெய் வாசம்தான் வரும். ஒருநாள் அடுப்பில் கறி கொதிக்கும்போது மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"மகன், இந்தச் சனியன யார்ர தலையிலயாவது கட்டிடுங்க. அவருக்கு மட்டும் தெரியப்படாது."

"வித்த பிறகு கேப்பாரே மாமி?"

"வித்த பிறகு பாத்துக்கொள்ளுவம்."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுத்துப் பிசகாமல் தட்டினேன். விளம்பரம் போனது. மாதக்கணக்காக ஒருவரும் வரவில்லை. ஏன் என்று இருவருக்கும் விளங்கவில்லை. பிறகு நான் அதை மறந்தே போனேன்.

இதற்கிடையில் மனைவியின் தங்கை ஹஸ்னாவுக்கு எத்தாளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஹஸ்னாவுக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது. "இது சரிவராட்டி எனக்கு வேற யாரையும் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். பையனின் உம்மாவும் வாப்பாவும் வரும் நாளில் வீடே நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குப் படுக்கை விரிப்பைப் போர்த்தி, மேலே ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார் மாமி.

எல்லாம் நல்லபடியாகப் போனது. பையனின் வாப்பா வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "மூத்த மருமகன் என்ன தொழில்?" என்றார்.

மாமா முந்திக்கொண்டார். "போனப் பாக்குறார்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம்தான் நான் போனில் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்திருந்தேன். கேட்டால் போதும், சந்தையில் என் கணக்கில் உள்ள விளம்பரங்களை எல்லாம் அதுவே தேடி எடுத்து வந்து வாசிக்கும். என் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? (வந்திருக்கும். நான் பொறுத்திருக்கலாம்.) சத்தத்தை உச்சத்தில் வைத்து, "என் விளம்பரங்களைக் கொண்டு வா, ஆகப் பழையதிலிருந்து வாசி" என்றேன்.

அது செய்தி வாசிப்பவர் குரலில் தொடங்கியது.

"பழைய போட் எஞ்சின் விற்பனைக்கு. ஓடுமா தெரியாது. வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். பார்க்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மட்டும் வரவும். அப்போது வீட்டுக்காரர் பள்ளிவாசலில் இருப்பார். பின்கதவால் வரவும்."

மாமி மின்விசிறியைப் பார்த்தார். மாமா மெதுவாகத் திரும்பிப் பூச்சாடியைப் பார்த்தார். "அழி! அதை அழி!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"மன்னிக்கவும். விளம்பரங்களை எடுத்துவர மட்டுமே எனக்கு அனுமதி உண்டு, அழிக்க முடியாது. மீண்டும் வாசிக்கட்டுமா?"

திரைச்சீலைக்குப் பின்னால் ஹஸ்னா விசும்புவது கேட்டது. என்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டுப்போனது என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்தது.

மாமா எழுந்தார். "ஓடுமா தெரியாதாமா?" (மனிதருக்கு அது ஒன்றுதான் சுட்டிருந்தது.)

பையனின் வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "நானா," என்று மாமாவை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "இந்த விளம்பரத்த நானும் பாத்தன். வாங்க ஆசயாத்தான் இருந்திச்சு. ஆனா ஜும்ஆ நேரம் எண்டா எப்பிடி வாற? நானும் பள்ளியிலதானே இருப்பன்!"

எனக்கும் மாமிக்கும் அந்த நிமிடம்தான் விளங்கியது. ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரும் தொழும் நேரத்துக்கு நாங்கள் வியாபாரம் வைத்திருக்கிறோம்.

அடுத்த கணம் பூச்சாடி உடைந்தது. மாமாவும் பையனின் வாப்பாவும் எஞ்சினைத் தூக்கிப்போய் முற்றத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாயில் பூட்டிக் கயிற்றை இழுத்தார்கள். அது ஊரே கேட்க உறுமியது. சம்பந்தம் அந்தப் புகைக்குள்ளேயே முடிவானது. பையனின் வாப்பா இருமிக்கொண்டே, "எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே குடிவந்தார். ஒரு பெட்டி கொண்டுவந்தார். கூடவே மாமாவுக்கு அன்பளிப்பாகத் தங்கள் வீட்டு முன்னறையில் கிடந்த தன் வாப்பாவின் பழைய எஞ்சினையும் கொண்டுவந்தார். அதை வண்டியில் ஏற்றிவிட்ட அவருடைய உம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷமாம். அந்தப் பெண்மணியின் கெட்டித்தனத்துக்கு முன்னால் நானும் மாமியும் வெறும் கத்துக்குட்டிகள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது குசுகுசுத்தால், "என்ன, ஜும்ஆ நேரத்துக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். முன்னறையில் இப்போது இரண்டு எஞ்சின்கள். போன கிழமை மாமி மறுபடியும் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"மகன், ரெண்டையும் சேத்து ஒரு விளம்பரம் போடுங்க. இந்த முற நான் நல்லா யோசிச்சிட்டன். பெருநாள் தொழுக நேரம் வரச் சொல்லுங்க."